டேங்க் நிரப்பினால் 380 கி.மீ. ஓடிய பைக், இப்போது 290தான் ஓடுகிறது. என்ன பார்ப்பது?

துவாஸ் ஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். பைக் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

என்னுடையது 150சிசி இன்ஜெக்‌ஷன் வண்டி, டேங்க் 12 லிட்டர். சின்ன பைக்குக்கான 2பி லைசன்ஸ் எடுத்ததும் வாங்கியது, ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். சிங்கப்பூரில் வீடு உட்லண்ட்ஸ், வேலை துவாஸ். பிகேஇ, கேஜேஇ, அப்புறம் பிஐஇ விரைவுச்சாலை முடிகிற வரை. தினமும் போக வர 56 கி.மீ. முன்பெல்லாம் முழு டேங்க் போட்டால் மீட்டரில் கடைசிக் கட்டம் மின்னுவதற்குள் 380 கி.மீ. ஓடியிருக்கும். இப்போது 290ஐத் தாண்டுவதில்லை. திங்கள் காலை நிரப்பினால் அடுத்த திங்கள் வரை தாங்கிய வண்டி, வெள்ளி சாயங்காலமே மின்ன ஆரம்பித்துவிடுகிறது.

மூன்று மாதம் முன்னால் ஒரு பட்டறையில் செயின் செட் (செயினும் அது ஓடும் முன், பின் பல்சக்கரங்களும்) முழுவதும் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் இப்படி என்று ஒரு சந்தேகம். ஆனால் செயினுக்கும் பெட்ரோலுக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்குமா? ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் மூன்றையும் போன மாதம் மாற்றிவிட்டேன். 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவன் 98க்கும் மாறிப் பார்த்தேன். எதிலும் அசையவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாதக் கடைசியில் ஒவ்வொரு வெள்ளிக் காசையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அடுத்து எதில் கை வைப்பது?

---

பொங்கோல் பையன்:

அண்ணே, 80க்கு மேல் போகாதீங்க. அப்புறம், கேஜேஇயில் பெரிய லாரி நிறைய வரும், அதன் பின்னாடியே போனால் காத்து அடிக்காது, பெட்ரோல் நல்லா மிச்சமாகும். ஞாயிற்றுக்கிழமை டேங்கைக் காலி பண்ணிக்கிட்டு மலேசியாவில் ஜேபி (ஜொகூர் பாரு) போய் நிரப்பிட்டு வந்துடுங்க. நான் அப்படித்தான் செய்யப்போறேன், லைசன்ஸ் இப்பதான் கிடைச்சது.

---

யீஷூன் பழைய பட்டறை:

தம்பி பொங்கோல், முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரியின் பின்னால் ஒட்டிப் போவது வேண்டவே வேண்டாம். காற்று குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு எவ்வளவு நெருக்கமாகப் போக வேண்டும் தெரியுமா? அந்த நெருக்கத்தில் லாரிக்காரர் பிரேக் மிதித்தால் உங்கள் கை லீவரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். லாரிச் சக்கரம் தாண்டிப் போகிற கட்டையோ கல்லோ உங்கள் முன்சக்கரத்துக்கு வரும்வரை கண்ணில் படாது. இருபது வருடம் பட்டறை நடத்தினேன். அப்படி நசுங்கி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் பெட்ரோலுக்காக அதைச் செய்யாதீர்கள்.

காலி டேங்கோடு ஜேபி போவதும் முடியாது. இங்கே பதிவான வண்டி நாட்டை விட்டு வெளியே போகும்போது டேங்க் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். 1989இல் பாதி டேங்க் என்று ஆரம்பித்த விதி, 1991இலிருந்து முக்கால். அங்கே போனாலும் மஞ்சள் குழாய் 95 நமக்கு இல்லை, அது மலேசிய மானியப் பெட்ரோல். நமக்குப் பச்சைக் குழாய் 97தான்.

இப்போது துவாஸ் தம்பிக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன 380ம் 290ம் பெட்ரோல் மீட்டரின் கட்டம் சொன்ன கணக்கு. அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள், வீண் செலவு. டேங்குக்குள் மிதவை ஒன்று இருக்கும், வண்டி சாய்ந்தால் அதுவும் சாயும். கடைசிக் கட்டம் மின்னும்போது உள்ளே எவ்வளவு மீதி என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். இப்படிச் செய்யுங்கள். ஒரே பெட்ரோல் நிலையம், முடிந்தால் அதே பம்ப். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் போட்டால் ஒரு நாள் கூடப் போகும், ஒரு நாள் குறையப் போகும். வாய்க்குழலின் அடி விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். வாய் வரை தளும்ப ஊற்ற வேண்டாம், நம் வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ரசீதில் உள்ள லிட்டரால் கிலோமீட்டரை வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். இரண்டு தடவை செய்து எழுதுங்கள், பேசலாம்.

98 பற்றி ஒரு வார்த்தை. அந்த எண் பெட்ரோலின் பலம் அல்ல. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொண்டு எஞ்சின் தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் 92 அல்லது 95 என்று போட்டிருந்தால் 98 ஊற்றி ஒரு மீட்டர்கூட அதிகம் ஓடாது. அதன் மேல் வரியும் கூடுதல். 2021 பிப்ரவரியில் ஏற்றியபோது 92க்கும் 95க்கும் லிட்டருக்கு 66 காசு, 98க்கு 79 காசு என்று வைத்தார்கள். இன்றைக்கே 95க்குத் திரும்புங்கள்.

---

துவாஸ் ஷிப்ட்:

ரொம்ப நன்றி அண்ணே. இத்தனை வருடம் அந்தக் கட்டத்தைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன். 95க்கு மாறிவிட்டேன். இரண்டு வாரம் ஜேபி பக்கம் போகாமல் ஒரே நிலையத்தில் நிரப்பிவிட்டு வருகிறேன்.

---

ஜுரோங் அக்கா:

நானும் தினம் துவாஸ் போகிறவள்தான், ஸ்கூட்டர். ஒன்று கேட்க வேண்டும். உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் போக வர 56 என்று எழுதியிருக்கிறீர்கள். ஜுரோங்குக்கு வீடு மாறுவதற்கு முன்னால் நானும் உட்லண்ட்ஸில்தான் இருந்தேன், அதே பிகேஇ, கேஜேஇ வழி. என் மீட்டரில் தினம் 60க்குக் கொஞ்சம் மேலேயே வரும். உங்கள் கம்பெனி இந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கலாம், தப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் செயின் செட் மாற்றியதற்கு முன்னாலும் 56தான் காட்டியதா?

---

துவாஸ் ஷிப்ட்:

அக்கா, இதைப் படித்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஓவர்டைம் கணக்குக்காக எழுதி வைப்பது. ஜனவரியில் தினமும் 60 என்றுதான் இருக்கிறது. இப்போது 56. வழி மாறவில்லை, வேலை மாறவில்லை. வண்டி நிறுத்துகிற இடம்கூட அதேதான். நான் இதைக் கவனிக்கவே இல்லை. என்ன அர்த்தம்?

---

யீஷூன் பழைய பட்டறை:

அக்கா நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நான் லிட்டரை மட்டும் யோசித்தேன், கிலோமீட்டரைச் சந்தேகப்படவில்லை.

தம்பி, முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் முன் பல்சக்கரம்) மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள். பல் எண்ணிக்கை பெரும்பாலும் அதன் மேலேயே அச்சாகி இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தது எத்தனை என்று கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் ஓடிய தூரத்தை முன்சக்கரத்திலிருந்து அளப்பார்கள், சிலவற்றில் கியர்பெட்டியிலிருந்து அளப்பார்கள். கியர்பெட்டியிலிருந்து என்றால், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூடினாலும் மீட்டர் பொய் சொல்லும். ஏனென்றால் கியர்பெட்டித் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் முன்பைவிட அதிகம் சுற்றும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும்.

---

துவாஸ் ஷிப்ட்:

அண்ணே, 15 பல். கையேட்டில் 14. என்னிடம் கேட்காமலேயே மாற்றியிருக்கிறார்கள்.

நேற்று போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். போன் 30.0 கி.மீ. காட்டியது, வண்டி 28.0.

நீங்கள் சொன்ன மாதிரி நிரப்பி அளந்ததும் இதோ. வண்டி காட்டிய தூரம் 296.4 கி.மீ., ரசீதில் 9.42 லிட்டர். லிட்டருக்கு 31.5 வருகிறது. இது சரியான கணக்கா, இதையும் மாற்ற வேண்டுமா?

---

யீஷூன் பழைய பட்டறை:

மாற்ற வேண்டும். 15ஐ 14ஆல் வகுத்தால் 1.071. உங்கள் போன் காட்டியதும் கிட்டத்தட்ட அதே. ஆக 296.4 என்பது உண்மையில் 317.6 கி.மீ. லிட்டருக்கு 33.7. கட்டம் மின்னும்போது சுமார் பத்து லிட்டர் தீர்ந்திருக்கும் என்று வைத்தால் உங்கள் பழைய 380 லிட்டருக்கு 38 ஆகிறது. அந்த 38க்கும் இதற்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது, அது நிஜமான இழப்பு. அதையும் பிடிக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று, இது பெட்ரோலைவிட முக்கியம். உங்கள் வேகமானியும் அதே பொய்யைத்தான் சொல்கிறது. அது 90 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 96 கிட்டப் போய்க்கொண்டிருக்கலாம். வழக்கமாக வேகமானி நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் ஒரு இடைவெளி இருந்திருக்கும். அந்த இடைவெளியை இந்த ஒரு பல் தின்றுவிட்டது. மூன்று மாதமாகக் கேமராவுக்கு முன்னால் நம்பிக்கையோடு போயிருப்பீர்கள். மழையில் வளைவு எடுக்கும்போதும் மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். இன்றிலிருந்து மீட்டரில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும்படி ஓட்டுங்கள்.

பெட்ரோல் கூடியதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 90ல் போவதாக நினைத்து 96ல் போனால் காற்று 15 விழுக்காடு அதிகமாகத் தள்ளும்.

மீதிக்கு மூன்று விஷயம் பாருங்கள். செயின் மாற்றும்போது பின்சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். அதனால் பின் பிரேக்கில் ஆரம்பியுங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் இழுவை கொஞ்சம் இருக்கும், ஆனாலும் இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். அப்புறம் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது டயர் காற்று. கடைசியாகச் செயின் தளர்வு. செயின் ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் எஞ்சின் அதை இழுத்துக்கொண்டே போகும், தாங்குருளையும் (பேரிங்) சீக்கிரம் கெடும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பாருங்கள், எங்கே மிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும்.

---

பொங்கோல் பையன்:

லாரி விஷயம் புரிஞ்சது அண்ணே, இனி செய்ய மாட்டேன். ஒரு சந்தேகம். சிக்னலில் எஞ்சினை ஆஃப் பண்ணினால் மிச்சமாகுமா? காலையில் எவ்வளவு நேரம் சூடு பண்ணணும்?

---

ஜுரோங் அக்கா:

சிக்னல் நீளமாக இருந்தால், முன்னாடி எண் ஓடுவதும் தெரிந்தால் நான் ஆஃப் பண்ணுவேன். பச்சை விழப்போகிற நேரத்தில் வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் தவிப்பார்கள். காலையில் ஹெல்மெட் மாட்டி, கையுறை போடுகிற நேரம் போதும். இந்த ஊர்க் குளிர் ஒரு குளிரா? கார்பார்க்கில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பெட்ரோலும் போகும், மேல்மாடிக்காரர்களின் தூக்கமும் போகும்.

டயர் காற்று என் அனுபவத்தில் பெரிய விஷயம். என் ஸ்கூட்டரில் ஒட்டியிருக்கும் தாளில் முன்னே 29, பின்னே 33. இரண்டு வாரம் பார்க்காமல் விட்டால் வண்டி மெத்தென்று போவது எனக்கே தெரிகிறது. பெட்ரோல் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது டயர் சூடாகிவிடும், அளவு கொஞ்சம் கூடக் காட்டும். அதனால் நான் சின்ன அளவுமானி ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறேன், காலையில் கீழே இறங்கியதும் பார்த்துவிடுவேன்.

---

துவாஸ் ஷிப்ட்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், இரவு ஷிப்ட் வந்துவிட்டது.

பின்சக்கரத்தைச் சுற்றினேன். முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. வேலைக்குப் போய் இறங்கியதும் டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், தொடவே முடியாத சூடு. அன்று சாயங்காலமே வேறொரு பட்டறைக்குப் போனேன். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான இரும்பு ஊசிகள் காய்ந்து இறுகிப்போய் இருந்தன. பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சுத்தம் செய்யச் சொன்னதில்லை, அது என் தவறு. சுத்தம் செய்து கிரீஸ் போட்டார்கள், பேட் மாற்றினார்கள். செயினையும் தளர்த்தினார்கள், கம்பி போல இறுகி இருந்தது. டயரில் முன்னே 21, பின்னே 24தான் இருந்தது. கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்றிவிட்டேன்.

வேகத்தையும் குறைத்துவிட்டேன், மீட்டரில் 75 காட்டினால் போதும் என்று இடது பக்கத் தடத்திலேயே போகிறேன். வீடு போய்ச் சேர நான்கு நிமிடம் கூடுகிறது.

இப்போது கணக்கு. மீட்டரில் 312.0 கி.மீ., ரசீதில் 8.86 லிட்டர். மீட்டரை நம்பினால் 35.2. உங்கள் 1.071ஆல் பெருக்கினால் தூரம் 334, லிட்டருக்கு 37.7. பழைய 38 திரும்பி வந்துவிட்டது அண்ணே. அக்கா, அந்த 56ஐ நீங்கள் கேட்காமல் இருந்தால் நான் அடுத்து இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லியிருப்பேன். இரண்டு பேருக்கும் என் வீட்டார் சார்பிலும் நன்றி.

ஒரே ஒரு கேள்வி. 15 பல்லை அப்படியே விடலாமா, 14க்கே போகலாமா? மேம்பாலம் ஏறும்போது கடைசி கியரில் கொஞ்சம் திணறுகிறது.

---

யீஷூன் பழைய பட்டறை:

14க்கே போங்கள். 150சிசிக்கு 15 பல் கொஞ்சம் பாரம், பின்னால் ஆள் ஏறினால் இன்னும் திணறும். வேகமானியும் அதனால் சரியாகிவிடும், அதுதான் எனக்குப் பெரிய காரணம். ஒரு பல் குறைந்தால் செயின் தொங்கும். அதனால் பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடி தளர்வு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சக்கரத்தை இன்னொரு தடவை கையால் சுற்றிவிட்டு வாருங்கள்.