விளம்பரத்தில் ஒரு விலை, கடைசி நாள் பில்லில் ஒரு விலை: ஐரோப்பியக் கப்பல் பயணம் போனவர்களின் அனுபவங்கள்

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், 8 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மே மாதக் கடைசியில் பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, சிவிதவெக்கியா, பலேர்மோ, வலெட்டா என்று சுற்றி, ஏழு இரவு கழித்து ஏறிய இடத்திலேயே இறங்கினோம். ஊர்களின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பணக் கணக்கை எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பல ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விளம்பரத்தில் பார்த்தது ஆளுக்கு 499 யூரோ. அது இரண்டு பேர் தங்கும், ஜன்னல் இல்லாத உள்ளறைக்கான விலை. நான்கு பேர் படுக்கும் கேபின் வேண்டும் என்றதும் 620 ஆனது. பிள்ளைகளுக்கு டிக்கெட் இலவசம் என்றார்கள். உண்மைதான், ஆனால் துறைமுக வரி அவர்களுக்கும் உண்டு. தலைக்கு 160. ஆக, டிக்கெட் 1,240, வரி 640. கப்பலில் ஏறுவதற்கு முன்பே 1,880 யூரோ.

அடுத்தது சேவைக் கட்டணம். பெரியவர்களுக்கு ஓர் இரவுக்கு 12, பிள்ளைகளுக்கு 6. ஏழு இரவுக்கு 252. இதை யாரும் கையில் வாங்குவதில்லை, அறைக் கணக்கில் தானாக ஏறிவிடுகிறது. பயணக் காப்பீடு 120. தண்ணீர், காபி, பிள்ளைகள் கேட்ட ஐஸ்கிரீம் எல்லாமாக 90. கரையில் ரயில், பஸ், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு 310. மொத்தம் 2,652. நான்கு பேர், ஏழு இரவு என்று வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 95 யூரோ. விமானச் செலவும் முந்தைய இரவு பார்சிலோனாவில் தங்கிய செலவும் இதில் சேரவில்லை. எந்தக் கப்பலைப் பார்த்தாலும் இப்படி ஓர் இரவுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரண்டு கப்பல்களை ஒப்பிட முடியும். இதே கேபினை ஆகஸ்டுக்குக் கேட்டபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை நாள், அதைச் சுற்றிய வாரங்களில் குடும்பம் குடும்பமாகக் கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தண்ணீர் 'செலவு' என்று எழுதியிருக்கிறேனே, அதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு பரிமாறுபவர் வந்து "சாதாரணத் தண்ணீரா, சோடா போட்டதா?" என்று கேட்டார். சாதாரணம் என்றோம். பாட்டில் வந்தது, கூடவே கையெழுத்துப் போட ஒரு சீட்டும் வந்தது. ஐரோப்பிய முறையில் ஓடும் பல கப்பல்களில் இரவுச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீருக்குக் காசு. ஜெனோவாவில் ஏறிய ஓர் இத்தாலியப் பாட்டி எங்கள் பக்கத்து மேஜை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இத்தாலியன் தெரியாது. என் கையைப் பிடித்து மேல்தளத்து பஃபேக்குக் கூட்டிப் போய், அங்கே இருந்த தண்ணீர் இயந்திரத்தைக் காட்டி, தன் பையிலிருந்த காலி பாட்டிலில் பிடித்தும் காட்டினார். அதன் பிறகு நாங்கள் தண்ணீருக்குக் கொடுத்தது மிகக் குறைவு.

அந்தப் பாட்டி ஜெனோவாவில் ஏறி ஜெனோவாவில்தான் இறங்குவார். இந்தக் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும். அதனால் அறிவிப்புகள் நாலைந்து மொழியில் வரும். பாதுகாப்புப் பயிற்சியும் புதிதாக ஏறுபவர்களுக்காகத் திரும்பத் திரும்ப நடக்கும். 2012 ஜனவரி 13 அன்று ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதியை மாற்றி, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளோடு முழுதாக இருந்து கவனியுங்கள்.

இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. எங்களுக்கு ஒதுக்கியது இரண்டாம் பந்தி, ஒன்பது மணிக்கு. ஸ்பெயின்காரர்களுக்கு அது சரியான நேரம். என் சின்னவள் சூப் வருவதற்குள் மேஜையிலேயே தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் உணவக மேலாளரிடம் போய்க் கேட்டதும் முதல் பந்திக்கு மாற்றிக் கொடுத்தார். முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

*

அக்கா, ஒரு கேள்வி. நாங்கள் சுத்த சைவம். ஏழு நாளும் சமாளிக்க முடியுமா?

*

முடியும் தம்பி. பாஸ்தா, பீட்சா, சாலட், ரொட்டி, பழம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்ப்பார்கள். அங்கே அதை எல்லாவற்றின் மேலும் தூவுகிறார்கள். அது வேண்டாம் என்றால் முதல் நாளே உணவக மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மேலாளர் ஒவ்வொரு இரவும் மறுநாள் பட்டியலை முன்கூட்டியே கொண்டுவந்து காட்டினார். காய்கறி சூப்பிலும் மாமிசச் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

*

சகோதரி பணக் கணக்கைச் சொல்லிவிட்டார். எனக்கு 66 வயது, மனைவியோடு மூன்று முறை போயிருக்கிறேன். விலையைப் பார்ப்பதற்கு முன் வழித்தடத்தைப் பாருங்கள் என்பேன். அதிலும் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள்.

முதல் முறை "வெனிஸிலிருந்து" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினோம். கனவு கண்டது சான் மார்க்கோ சதுக்கத்தைக் கப்பல் தளத்திலிருந்து பார்ப்பதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று இத்தாலிய அரசு தடை போட்டுவிட்டது. எங்கள் கப்பல் நின்றது ரவென்னாவில். வெனிஸில் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனோம். சீட்டில் ரவென்னா என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான்தான் படிக்கவில்லை. சில கப்பல்கள் மார்கேராவிலும் த்ரியெஸ்தேயிலும் நிற்கும். மார்கேரா என்றால் வெனிஸுக்குப் பக்கம்.

ரோம் என்றால் சிவிதவெக்கியா, ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ அல்லது லா ஸ்பேசியா, அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணியாவது ஆகும். பெர்லின் என்று போட்டால் பால்டிக் கரையில் வார்னமுண்டே, போகவே மூன்று மணி நேரம். பாரிஸ் என்றால் லு ஆவ்ர், இரண்டு மணிக்கு மேல். இதற்கு நேர்மாறாக ஜெனோவாவில் கப்பல் நிலையத்திலிருந்து பிரின்சிப்பே ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். நேப்பிள்ஸில் இறங்கியதும் கோட்டை எதிரே நிற்கும். வலெட்டாவில் மேலே ஊருக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. நடந்து போகக்கூடிய துறைமுகங்கள் அதிகம் உள்ள வழித்தடத்தில் செலவு தானாகவே குறையும்.

சிவிதவெக்கியாவிலிருந்து ரோமுக்கு வெறும் பஸ் பயணத்துக்கே கப்பலில் ஆளுக்கு 70 யூரோ கேட்டார்கள். நாங்கள் உள்ளூர் ரயிலில் போனோம், அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வாடிகன் பார்க்கப் போகிறவர்கள் சான் பியெத்ரோ நிலையத்திலேயே இறங்கிவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை. கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் அது கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் காசில்தான் போக வேண்டும். நாங்கள் குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்தில் இருப்பது என்று வைத்துக்கொண்டோம்.

கிரீஸின் சாந்தோரினித் தீவில் பட்டதையும் சொல்கிறேன். அங்கே கப்பல் கரையில் நிற்க முடியாது. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்குவார்கள். கீழேயிருந்து ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார், இல்லாவிட்டால் 588 படிகள், இல்லாவிட்டால் கழுதை. சீட்டில் மாலை 4 முதல் 10 வரை என்று இருந்தது. படகுக்கு ஒரு மணி நேரம், கேபிள் காருக்கு ஏற ஒரு வரிசை, இறங்க இன்னும் நீண்ட வரிசை. ஊரைப் பார்த்தது இரண்டு மணி நேரம்தான். என் மனைவிக்கு மூட்டுவலி. இறங்கும் வரிசையில் அவள் நிற்கத் திணறியதைப் பார்த்து முன்னால் நின்ற கிரேக்க இளைஞர்கள் இருவர் பேசி வழிவிடச் செய்தார்கள். 2025 முதல் கிரீஸ் அரசு சாந்தோரினியிலும் மிகோனோஸிலும் இறங்கும் கப்பல் பயணிக்குக் கோடை மாதங்களில் 20 யூரோ கட்டணம் வைத்திருக்கிறது. இது டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா, பிறகு அறைக் கணக்கில் ஏறுமா என்று கேளுங்கள்.

*

ஐயா சொன்ன கிரேக்க வழித்தடத்தில் நாங்களும் போனோம், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து. விசா தேவைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் கண்ணெதிரே நடந்தது.

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற தம்பதிக்கு, ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதிக்குள் ஒருமுறை மட்டும் நுழையும் விசாதான் இருந்தது. கப்பல் துருக்கியின் குஷாதாசிக்குப் போய்த் திரும்பும் கப்பல். துருக்கி ஷெங்கனுக்கு வெளியே. போனால் மறுபடி கிரீஸுக்குள் வர அந்த விசா செல்லாது. அவர்களை ஏற்றவில்லை. அந்த அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வழியில் மாண்டினீக்ரோவின் கோட்டோர், துனிசியா, பிரிட்டன் எது இருந்தாலும் பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, டுப்ரோவ்னிக் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. ஷெங்கனுக்கு வெளியே உள்ள துறைமுகத்துக்கு அந்த நாட்டு விசா தேவையா என்பதையும் தனியாகப் பாருங்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பட்ஜெட்டில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

*

சுருக்கமாக ஒன்று. கப்பல் கரையை விட்டதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் கிடையாது என்ற விதி அந்த இணைப்புக்குப் பொருந்தாது. என் தம்பி ஒரே இரவில் 48 யூரோ கட்டினான். அவன் யாருக்கும் பேசவில்லை, போன் தலைமாட்டில் சும்மா கிடந்தது.

*

இங்கே எல்லோரும் செலவைக் குறைப்பதைச் சொல்கிறீர்கள். நான் கூடுதலாகச் செலவு செய்த கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடலை, அதாவது ஃபியோர்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து நார்வே போகும் ஏழு இரவுக் கப்பலில் பதிவு செய்தேன். உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் ஆளுக்கு 380 யூரோ வித்தியாசம். விசாரித்தவர்கள் எல்லோரும் உள்ளறை போதும், அறையில் தூங்க மட்டும்தானே போகிறீர்கள் என்றார்கள். மத்தியதரைக் கடலில் தினமும் ஓர் ஊரில் இறங்கிச் சுற்றுகிறவர்களுக்கு அது சரி, நானும் அதையே சொல்வேன். அம்மாவால் குளிர்காற்றில் மேல்தளத்தில் அரை மணி நேரம் நிற்க முடியாது. அதனால் பால்கனி எடுத்தேன். அதற்குப் பதிலாக மதுபானப் பேக்கேஜ், வைஃபை, தனிக் கட்டண உணவகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பானப் பேக்கேஜ் என்றால் அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா குடிப்பது வெந்நீர்.

கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றாகக் கேட்டு வாங்கினேன். ஆட்டம் அங்கேதான் குறைவு. வட கடலில் ஓர் இரவு நன்றாகவே ஆடியது, அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

நார்வேயில் யூரோ இல்லை, குரோனர். கரையில் ஒரு காபி விலையே மலைக்க வைக்கும், அதனால் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துக்கொண்டு இறங்கினோம். பணம் செலவழித்தது ஃப்ளாம் ரயிலுக்கு மட்டும். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. வழியில் ஓர் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள்.

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்டவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இளைஞர். ஒப்பந்தம் ஒன்பது மாதம், வீட்டில் மூன்று வயது மகள். சேவைக் கட்டணத்தை வரவேற்பு மேஜையில் சொல்லி எடுத்துவிடலாம் என்று கப்பலில் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அந்த இளைஞர் தினமும் காலையில் அம்மாவின் செருப்பைக் கட்டிலருகே திருப்பி வைத்துவிட்டுப் போவார், கால் நுழைக்க வசதியாக. யாரும் கேட்காமல் செய்தது. கடைசி நாள் தனியாகவும் ஓர் உறையில் கொடுத்தேன்.

கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்தது விடியற்காலையில். அம்மா எனக்கு முன்பே எழுந்து, இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழு சகோதரிகள் அருவி இடது பக்கம் வந்தது. எங்கள் அறையும் இடது பக்கம். "ஏழு இல்லடி, அஞ்சுதான் தெரியுது" என்று விரல் விட்டு எண்ணினார். கப்பல் இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் மீதி இரண்டும் தெரிந்தன.