புதுப்பிப்பு: பாதி நிரம்பிய மின்தேக்கி

முன்பு கேட்டது இதுதான்: இரு தகடுகளில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கி; 100 சதுர செ.மீ. தகடுகள், இடைவெளி 2 மி.மீ., மின்காப்பு மாறிலி (இடைவெளி முழுக்க நிரப்பினால் மின்தேக்குத்திறன் எத்தனை மடங்காகும் என்ற எண்) 5 உள்ள பொருள் பாதி இடத்தை நிரப்புகிறது. மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்குச் சேரும் மின்னூட்டம், எவ்வளவு? பதில்கள் இரண்டு விதமாக வந்தன. இரண்டுமே சரி, ஏனென்றால் "பாதி" என்பது எந்தப் பாதி என்று கேள்வியில் இல்லை.

காலியாக இருந்தால் சுமார் 44.3 பிக்கோஃபாரட். பொருள் 1 மி.மீ. தடிமனில் தகடு முழுக்கப் படுத்திருந்தால் தொடர் இணைப்பு. அந்த 1 மி.மீ.யை ஐந்தால் வகுத்து 0.2 ஆக்கி, மீதிக் காற்றிடைவெளியுடன் கூட்டுங்கள். 1.2 மி.மீ. இடைவெளிக்குச் சமம், அதாவது 73.8 பிக்கோஃபாரட். பொருள் நடுவில் இருந்தாலும் ஒரு தகட்டை ஒட்டி இருந்தாலும் விடை மாறாது.

பரப்பில் பாதியை முழு உயரத்துக்கும் நிரப்பினால் பக்க இணைப்பு. ஒன்றுக்கும் ஐந்துக்கும் சராசரி மூன்று, ஆக 132.8. அதே அளவு பொருள்தான், ஆனால் கிட்டத்தட்ட இரு மடங்கு!

அப்புறம், ஒருவர் கேட்ட சாய்வு நிரப்பல். பொருள் ஆப்பு வடிவில், மூலைக்கு மூலை. எனக்கு இதுதான் சுவாரசியம். மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் தொடர் இணைப்பு, கீற்றுகள் தமக்குள் பக்க இணைப்பு. தொகையிட்டால் ஐந்தின் இயல் மடக்கை வருகிறது: 1.609 × 5 ÷ 4, அதாவது சுமார் 2.01 மடங்கு, 89 பிக்கோஃபாரட். தகட்டின் நீளத்தோடு ஒப்பிட இடைவெளி மிகச் சிறிதாக இருந்தால்தான் இந்த வெட்டு செல்லும். தகடு சதுரமானால் 10 செ.மீ.க்கு 2 மி.மீ. என்பதால் இங்கே கவலையில்லை. விளிம்பு விளைவை (தகட்டு ஓரங்களில் மின்புலம் வெளியே வளைவதை) மூன்றிலுமே விட்டுவிட்டேன்.