நாடகம் போட வந்த இடத்தில் தியானமும் சொல்லிக்கொடுக்கிறேன், எங்கே தவறுகிறேன்?

கூத்துக்காரன்27 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சின்ன வயதில் பெரியப்பாவின் தெருக்கூத்து ஜமாவோடு (குழுவோடு) போய்ச் சின்னச் சின்ன வேஷம் கட்டிப் பழகியவன், இப்போது ஊர் ஊராகப் போய் நாடகம் போடுவதுதான் பிழைப்பு. இந்தக் கோடைக்குப் பெங்களூர். நண்பர்கள் ஆறு பேர் அல்சூரில் ஒரு மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம், முறை வைத்துச் சமையல், மொட்டைமாடியில் ஒத்திகை, ஐம்பது நிமிட நாடகம் ஒன்றை வைத்துக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி மைதானம், கோயில் வாசல் என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறோம். இவ்வளவு சந்தோஷமாக ஒரு கோடை எனக்கு வாய்த்ததில்லை.

தும்கூர் சாலையில் ஆலூர் விபாசனா தியான மையத்தில் இரண்டு வருடம் முன்பு பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் உட்காருகிறேன். அதைப் பார்த்து நண்பர்கள் எங்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள், சரி என்று ஒத்திகைக்கு முன் அரை மணி நேரம் ஆரம்பித்தேன். காலையில் நடத்தும் குழந்தைகள் நாடக முகாமிலும் (பதினாறு பிள்ளைகள், 9 முதல் 12 வயது) கால் மணி நேரம் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குழுவில் ஒரு தோழிக்கு மூச்சு மேலும் கீழும் வாங்க ஆரம்பித்து, எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். போன மார்கழியில் அப்பாவை இழந்தவள். கண்ணை மூடினால் அந்த ஐசியூ வாசல்தான் தெரிகிறது என்றாள். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகாமில் வேறு கதை. இரண்டு நிமிடத்தில் ஒருவன் நகத்தைக் கடிக்கிறான், ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் பின்னலை அவிழ்க்கிறாள். பெற்றோர் வந்து, இதனால் படிப்பில் கவனம் கூடுமா என்று கேட்கிறார்கள்.

நிறுத்திவிடலாமா? முகாமுக்குச் சம்பளம் வாங்குகிறேன், அதில் தியானத்துக்கும் சேர்த்து வாங்குவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையமாணவி எழுதியது:

தம்பி, ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். நான் அதே வழியில் பல முகாம் இருந்தவள், சமையலறையில் சேவையும் செய்திருக்கிறேன். அந்த முறையைப் பரப்பிய கோயங்கா குருஜி பர்மாவில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் பதினான்கு வருடம் இருந்து கற்று, 1969இல்தான் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கே நாம் கற்பது நாம் பயிற்சி செய்யத்தான், மற்றவர்களுக்கு நடத்த அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள் இல்லையா, அது காரணத்தோடுதான். முதல் ஒன்பது நாளும் பேச்சில்லாமல் இருக்க ஒரு பாதுகாப்பான இடம், கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர், வேளாவேளைக்குச் சாப்பாடு, இத்தனையும் சேர்ந்துதான் அந்த முறை. மொட்டைமாடியில் அரை மணி நேரத்தில் உடம்பு முழுக்க உணர்ச்சியைக் கவனி என்றால், அந்தப் பெண்ணைப் போல யாராவது தனியாக மாட்டிக்கொள்வார்கள்.

குழந்தைகளுக்கு அவர்களே ஆனாபானம் மட்டும்தான் சொல்லித்தருகிறார்கள், இயல்பாக வந்துபோகிற மூச்சைக் கவனிப்பது, அவ்வளவுதான். நீங்களும் மூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த முறையின் பெயரையும் சொல்லவேண்டாம். காசைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே கட்டணமே கிடையாது, முன்னால் இருந்துவிட்டுப் போனவர்கள் கொடுத்ததில்தான் அடுத்தவர் சாப்பிடுகிறார். நீங்கள் நடிப்புக்குச் சம்பளம் வாங்குங்கள், அது உழைப்பு. மூச்சுக்குத் தனியாக வாங்காதீர்கள், மனசுக்கு லேசாக இருக்கும்.

திகளர்பேட்டைக்காரர் எழுதியது:

முப்பது வருடமாக இந்த ஊரில் தமிழ் நாடகம் போடுகிறவன். பாராட்டிவிட்டே ஆரம்பிக்கிறேன்: அழுதவளிடம் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் பாருங்கள், நல்ல காரியம்.

தம்பி, கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தியானம் ஆலூரில்தான் கிடைத்ததா? உங்கள் பெரியப்பா அரிதாரம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி, துரியோதனனுக்குச் சிவப்பைப் பூசி, அதன் மேல் குச்சியால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக வைத்துக்கொண்டு வருவார், சுற்றிலும் ஊரே கத்திக்கொண்டிருக்கும், கை மட்டும் ஆடாது. அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு வெளியே வருவார். கண்ணைத் திறந்துகொண்டே செய்கிற கவனம் அது, உங்களுக்கு உங்கள் வீட்டிலேயே வந்தது. அதைச் சொல்லிக்கொடுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சைத்ரப் பௌர்ணமி இரவு எங்கள் தர்மராயர் கோயில் கரகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பூஜாரி பெண் வேஷத்தில், வளையலும் மல்லிகையுமாக, தலையில் பூக்கரகத்தைக் கையால் பிடிக்காமல் சுமந்துகொண்டு விடிய விடிய நடப்பார். சுற்றிலும் வாளோடு வீரகுமாரர்கள், தெருவெல்லாம் ஜனம், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வருவார். உங்கள் ஊர்க் கூத்தில் வரும் அதே திரௌபதிதான் இங்கே கரகமாக வருகிறாள். அந்த நடை எத்தனை நாள் விரதத்துக்கும் பயிற்சிக்கும் பிறகு வருவது என்று இங்கே பிறந்த எங்களுக்குத் தெரியும்.

நான் பிள்ளைகளுக்குச் செய்வது இதுதான். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர், மாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பேசக்கூடாது என்று சொல்லவே வேண்டாம், தானாகவே வாய் மூடும். சிந்தினால் சிரித்துவிட்டு மறுபடி நிரப்பிக்கொள்ளட்டும். நான்கைந்து நாள் போன பிறகு, டம்ளர் இல்லாமல் அதே நடை நடக்கச் சொல்லுங்கள். அப்போது பாருங்கள் அந்த முகங்களை! நகம் கடிக்கிற பையன்தான் பெரும்பாலும் கடைசிவரை சிந்தாமல் போவான், என் அனுபவத்தில்.

நேரத்தையும் கறாராக வையுங்கள். ஜே.பி.நகர் ரங்கசங்கரா நாடக அரங்கம் 2004இல் திறந்ததிலிருந்து பார்க்கிறேன், நாடகம் ஆரம்பித்துவிட்டால் தாமதமாக வருகிறவருக்குக் கதவு திறக்காது. அதனால்தான் விளக்கு அணையும்போது அங்கே அப்படி ஓர் அமைதி வருகிறது. பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம், நன்றாக இருக்கிறது என்று இழுக்காதீர்கள்.

வார்டுசிஸ்டர் எழுதியது:

மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், அதனால் உங்கள் தோழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, கண்ணை மூடி உள்ளே பார் என்றால் அந்த ஐசியூ வாசல் வராமல் என்ன செய்யும்? அவளிடம் தப்பொன்றும் இல்லை. ஆனால் தாங்கிக்கொண்டு உட்கார், கடந்துபோகும் என்று யாரும் சொல்லவேண்டாம். கண் திறந்திருக்கட்டும், சுவரில் சாய்ந்துகொள்ளட்டும், பாதம் தரையில் பதிந்திருக்கட்டும். மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறது என்றால் சத்தத்தைக் கவனிக்கட்டும், ஆட்டோ, காக்கா, பக்கத்து வீட்டு மிக்ஸி, எதுவானாலும் சரி. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம் என்று எல்லாருக்கும் பொதுவாகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவும்போதோ காய் நறுக்கும்போதோ, தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்று நீங்கள் ஒருவர் மட்டும் கேளுங்கள், ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்காதீர்கள். தூக்கமே இல்லை, வேலையே ஓடவில்லை என்றால் 14416க்குப் பேசச் சொல்லுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். நாடகக்காரர்கள் மேடையில் அழுதுவிட்டு வருவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அதையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

கூத்துக்காரன்27 எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மூன்று பேருக்கும் நன்றி. பழையமாணவி அக்கா சொன்னது முதலில் சுருக்கென்றிருந்தது, ராத்திரி படுத்து யோசித்தபோது சரி என்றே பட்டது. அந்த அரை மணியை நிறுத்திவிட்டேன். இப்போது பத்து நிமிடம், கண் திறந்தபடி. நண்பர்களிடமும், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நானும் உங்களோடு உட்காருகிறவன்தான் என்று சொல்லிவிட்டேன். முகாம் நடத்துகிறவரிடம் பேசித் துண்டுச்சீட்டில் இருந்த தியானப் பயிற்சி என்ற வரியையும் எடுத்தாயிற்று.

தோழியிடம் சிஸ்டர் சொன்னபடியே பேசினேன், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லையாம். நேற்று அவளே 14416க்குப் பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து, டீ இருக்கிறதா என்றாள்.

டம்ளர் நடை பிள்ளைகளுக்கு அப்படிப் பிடித்துவிட்டது. பின்னலை அவிழ்க்கிற பெண் நாக்கைத் துருத்திக்கொண்டு நடக்கிறாள், தண்ணீர் விளிம்பில் நடுங்குகிறதே தவிர விழவில்லை. ஆனால் ஐயா, எங்களிடம் இருப்பது எட்டு டம்ளர், பாதிப் பேர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அல்சூர் பக்கம் யாரிடமாவது ஒரே அளவில் இன்னும் எட்டு இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொண்டு, மே கடைசியில் கிளம்பும் முன் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.