பஸ் லேனுக்குள் கார்: கோடும் பலகையும் போதவில்லை, அடுத்து என்ன?

தடம்7 (கேள்வி)

ஒரு திசைக்கு மூன்று லேன் உள்ள நகரச் சாலை. நடைபாதையை ஒட்டிய லேனை பஸ்ஸுக்கு ஒதுக்கி, கோடு போட்டு, பலகையும் வைத்தாயிற்று. ஆரம்பத்தில் மதித்தார்கள். இப்போது காலை நெரிசலில் பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாகக் கார்கள், நடுவில் சரக்கு இறக்கும் வண்டி, சிக்னலுக்குச் சற்று முன் ஆள் ஏற்றும் டாக்ஸி. நிர்வாகத்துக்கு மனு எழுதப் போகிறோம். "அபராதத்தை ஏற்றுங்கள்" என்ற ஒற்றை வரியோடு போக விருப்பமில்லை. தடுப்பை எங்கே, எப்படி வைத்தால் வேலை செய்யும்? கேமரா கேட்பதென்றால் எந்த மாதிரி கேட்பது? இதெல்லாம் சரியானாலும் கார்க்காரர்கள் பஸ்ஸுக்கு மாறுவார்களா?

பச்சைநொடி

மனுவின் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் "லேன் சும்மாதானே கிடக்கிறது" என்று ஒரே வார்த்தையில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

2 நிமிடத்துக்கு ஒரு பஸ், வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு பஸ்களுக்கு நடுவே சுமார் 670 மீட்டர் இருக்கும். 12 மீட்டர் நீள பஸ் ஒரு புள்ளியைக் கடக்க ஏறக்குறைய 2 நொடி. அதாவது பக்கத்து லேனில் நிற்கும் ஓட்டுநர் 120 நொடியில் 118 நொடி வெறும் தார்ச்சாலையைத்தான் பார்க்கிறார். ஆனால் மணிக்கு 30 பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 1,500 பேர். சிக்னல்கள் உள்ள நகரச் சாலையில் ஒரு கார் லேன் மணிக்கு 600 முதல் 900 வண்டிகளைக் கடத்தும். காருக்கு ஒன்றரைப் பேர் என்று தாராளமாகப் போட்டாலும் 900 முதல் 1,350 பேர்தான். உங்கள் சாலையில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ்தான் ஓடுகிறதென்றால் இந்தக் கணக்கு உங்களுக்கே எதிராகத் திரும்பும், ஜாக்கிரதை. அப்போது முழு நீள லேனுக்காகச் சண்டை போடாமல், சிக்னல்களை ஒட்டிய பகுதிகளை மட்டும் கேளுங்கள்.

டெல்லியில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் இடையே 2008-ல் வந்த 5.8 கி.மீ. பஸ் தடத்தின் பெயர் கெட்டதற்கு இந்தக் காலி லேன் காட்சி ஒரு பெரிய காரணம். சந்திப்புகளில் சிக்னல் சுற்று (ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை) மிக நீளமாக இருந்தது. நின்று நின்று வெறுத்துப்போன கார்க்காரர்களின் கண்ணெதிரே காலி லேன். 2016-ல் அதைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

இனி சிக்னல். லேன் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான், நடுவழியில் அல்ல. 90 நொடிச் சுற்றில் உங்கள் திசைக்கு 30 நொடி பச்சை என்றால், 2 நொடிக்கு ஒரு வண்டி வீதம் 15 வண்டிகள்தான் கடக்கும். பஸ்ஸுக்கு முன்னால் 15-வது கார் நுழைந்துவிட்டாலே ஒரு முழு சிவப்பு, 60 நொடி போச்சு. நான்கு சிக்னலில் இப்படி நடந்தால் லேனால் கிடைத்த லாபம் மொத்தமும் கரைந்துவிடும்.

அதோடு, நடைபாதைப் பக்கம் திரும்பும் கார் எப்படியும் பஸ் லேனைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். அதற்கு இடம் விடாமல் நிறுத்தக் கோடு வரை லேனை இழுத்தால் எல்லோரும் குற்றவாளிகள்தான். பிறகு விதியை யாருமே மதிக்க மாட்டார்கள். திரும்பும் வண்டிகள் குறைவாக இருந்தால், லேனை நிறுத்தக் கோட்டுக்கு முன்பே முடித்துவிடலாம். எவ்வளவு முன்பு? பச்சையின் ஒவ்வொரு நொடிக்கும் 2 மீட்டர் வைத்தால் பாதுகாப்பு. 30 நொடிப் பச்சைக்கு 60 மீட்டர். அந்த 60 மீட்டரில் நிற்கக்கூடிய பத்துக் கார்களும் ஒரே பச்சையில் போய்விடும், பின்னால் வரும் பஸ்ஸும் அதிலேயே கடந்துவிடும். திரும்பும் வண்டிகள் அதிகமென்றால் இது பலிக்காது. நடப்பவர்கள் சாலையைக் கடக்கும்போது அந்தக் கார்கள் நிற்கும், பஸ் அவற்றின் பின்னால் மாட்டும். அங்கே தனித் திருப்ப லேனும் தனி சிக்னலும்தான் வழி.

பஸ் நிறுத்தத்தை சிக்னலைத் தாண்டி வையுங்கள். சிக்னலுக்கு முன்னால் நிறுத்தம் இருந்தால், பஸ் வருவது தெரிந்து பச்சையை நீட்டும் கருவி நொடிகளை வீணடிக்கும். ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் நீட்டிய பச்சையும் தீர்ந்துவிடும்.

தடுப்புச்சுவர்

மேலே சொன்னது சரி. நான் தடுப்பைப் பற்றி மட்டும்.

நடைபாதை ஓர லேனைக் காப்பாற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கடை, வீட்டு வாசல், பக்கத் தெரு என்று எல்லாவற்றுக்கும் வழி அதன் குறுக்கேதான். அதனால்தான் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வந்த டிரான்ஸ்மிலேனியோ பஸ் தடம் (2000), சியோலின் 2004 பஸ் சீர்திருத்தம் எல்லாம் சாலையின் நடுவுக்குப் போயின. நடுவில் போட்டால் வண்டி நிறுத்தும் சிக்கல் ஒரேயடியாகப் போய்விடும். பதிலுக்குப் பயணிகள் சாலையைக் கடந்துதான் நிறுத்தத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடப்பவர்களுக்கு சிக்னல் வேண்டும், செலவும் ஏறும்.

கான்கிரீட் மேடு கேட்கிறீர்களா? முதலில் லேன் அகலத்தை அளங்கள். 3.25 முதல் 3.5 மீட்டர் லேனுக்கு இரு பக்கமும் மேடு வைத்தால், ஒரு பஸ் பழுதாகி நின்றதும் பின்னால் உள்ள அத்தனை பஸ்ஸும் அங்கேயே. இடையிடையே பஸ் வெளியேறும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், அங்கே சாய்க்கக்கூடிய ரப்பர் குச்சி போதும். மழைநீர் வடியவும் வழி விட வேண்டும். மேட்டின் முனையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இல்லாவிட்டால் முதல் மாதமே இரவில் இரண்டு சக்கர வண்டிகள் அதில் ஏறி விழும். அப்புறம் "உயிர்ப்பலி வாங்கும் தடுப்பு" என்று மொத்தத்தையும் எடுக்கச் சொல்வார்கள்.

எதிர்த்திசை லேனும் உண்டு, அதாவது பக்கத்து லேன் வண்டிகளுக்கு எதிர்த் திசையில் பஸ் ஓடும். பஸ் எதிரே வரும் என்ற பயமே காவல். நியூயார்க்கின் லிங்கன் சுரங்கத்துக்குப் போகும் பஸ் லேன் 1970 முதல் காலை நேரத்தில் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நடப்பவர்கள் பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் பார்த்துவிட்டு இறங்குவார்கள். கடக்கும் இடத்தில் "இரு பக்கமும் பார்" என்று தரையிலேயே எழுத வேண்டும். (அடிலெய்டில் 1986-ல் திறந்த ஓ-பான் என்ற பஸ் தடத்தின் வாயிலில், தவறி வரும் காரின் அடிப்பாகத்தை உடைக்கவே ஒரு இரும்பு அமைப்பு இருக்கிறது. அப்படியும் கார்கள் நுழையத்தான் செய்கின்றன.)

தடம்7

நன்றி. ஒரு துணைக் கேள்வி. "டாக்ஸியையும் டூ வீலரையும் விட்டுவிடலாமே, லேன் காலியாகவும் தெரியாது" என்கிறார்கள். என்ன சொல்வது?

பிரேம்எண்

டூ வீலர் விவாதத்துக்குரியது. லண்டனில் பல பஸ் லேன்களில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. டாக்ஸிக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஓடினால் பிரச்சினை இல்லை, ஆள் ஏற்ற நிற்பதுதான் பிரச்சினை. மேலும், அனுமதிப் பட்டியல் நீள நீள கேமராவில் பிழைகள் பெருகும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. மனுவில் அதை முன்னாலேயே எழுதிவிடுங்கள், ஆதரவு கூடும்.

கேமராவுக்கு வருகிறேன். அபராதத் தொகையை விட மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் ஓட்டுநரை மாற்றும். நிலையான கேமரா இருக்கும் இடம் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன் வெளியே, தாண்டியதும் உள்ளே. இந்த வளைந்தாட்டத்தில் மோதல்தான் மிச்சம். அதனால் பஸ்ஸின் முன்கண்ணாடியிலேயே கேமரா கேளுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் 2008-லிருந்தும் நியூயார்க்கில் 2019-லிருந்தும் இது இருக்கிறது. நியூயார்க்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பஸ்களின் பதிவை ஒப்பிட்டு, வண்டி உண்மையில் நிற்கிறதா, அனுமதிக்கப்பட்ட திருப்பத்துக்காக நுழைந்ததா என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடத்திலும் முதல் 60 நாள் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போகும்.

சான்றாக நிற்க வேண்டியவை: நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் நெருக்கப்படம், லேன் கோடு தெரியும் அகலப்படம், நேரம், இடம். மேல்முறையீட்டில் வழக்கு தோற்பது எதனால் என்றால், கோடு அழிந்திருக்கும், பலகையை மரக்கிளை மறைத்திருக்கும், அல்லது பலகையில் உள்ள நேரமும் மென்பொருளில் உள்ள நேரமும் வேறாக இருக்கும். ஆகவே கோட்டுக்கு மறுபூச்சும் பலகைச் சோதனையும் கேமரா ஒப்பந்தத்திலேயே சேர வேண்டும். தனி பட்ஜெட் என்று விட்டால் நடக்காது.

சரக்கு வண்டியை அபராதத்தால் மட்டும் விரட்ட முடியாது. பக்கத் தெருவில் இறக்குமிடம் குறித்துக் கொடுத்த பிறகுதான் பிடிக்க வேண்டும். லேன் உச்ச நேரத்துக்கு மட்டும் என்றால், தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே இழுவை வண்டி ஒரு சுற்று வந்தாக வேண்டும். இரவில் நிறுத்திய ஒரே ஒரு காரைச் சுற்ற பஸ் வெளியே போனால், திரும்பி உள்ளே வர யாரும் வழிவிட மாட்டார்கள்.

கதவுவரை

மாறுவார்களா என்ற கடைசிக் கேள்விக்கு யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கார்க்காரர் பஸ்ஸின் வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. போய் இறங்கும் இடத்தில் நிறுத்த இடம் இருக்கிறதா, அது இலவசமா, இதைத்தான் முதலில் பார்ப்பார். இருந்தால், வண்டி வாங்கிய கடனும் காப்பீடும் எப்படியும் கட்டியாயிற்று. எரிபொருளை மட்டும் பயணச்சீட்டோடு ஒப்பிடுவார். கார் ஜெயிக்கும்.

அடுத்தது காத்திருப்பு. பயணக் கணிப்பில், நிறுத்தத்தில் நிற்கும் 1 நிமிடத்தைப் பஸ்ஸுக்குள் இருக்கும் 2 நிமிடத்துக்குச் சமமாக எடுப்பது வழக்கம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் நெரிசலில் மாட்டி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வந்தால் 10 நிமிடம். பஸ் எண்ணிக்கை குறையவே இல்லை, காத்திருப்பு மட்டும் இரட்டித்துவிட்டது. பஸ் லேன் தரும் பெரிய லாபம் இங்கேதான்.

லேனை மட்டும் நம்பி கார்கள் குறையும் என்று மனுவில் வாக்குக் கொடுக்காதீர்கள். ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணச் சோதனை தொடங்கும் முன்பே கூடுதல் பஸ்கள் வந்துவிட்டன. உள்நகரைச் சுற்றிய கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தது கட்டணம் தொடங்கிய பிறகுதான்.

அளப்பதானால் லேன் சரியாவதற்கு முன்னும் பின்னும் ஐந்து வேலை நாட்கள், ஒரே மணி நேரம், முதல் சிக்னலிலிருந்து கடைசி சிக்னல் வரை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சராசரியோடு நிறுத்தாமல், இருபது பஸ்ஸில் மிக மெதுவாக வந்ததன் நேரத்தையும் தனியாகக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்வது அந்த மெதுவான பஸ்ஸை வைத்துத்தான்.