சித்தியின் சிடி ரிப்போர்ட்: பயாப்சி வேண்டுமா, வேண்டாமா?

பாலக்கோடு பொண்ணு:
சித்திக்கு 54 வயது. இரண்டு மாதமாக வயிறு உப்புசம், கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புடவை கட்ட முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் தர்மபுரிக்குக் கூட்டிப்போனோம். அல்ட்ராசவுண்டில் சினைப்பைக் கட்டி. அப்புறம் சிடி ஸ்கேனில் வயிற்றில் நீர், குடலுக்கு முன்னால் ஒமெண்டம் என்கிற கொழுப்புத் திரை தடித்திருக்கிறது, புற்றுநோய் மூன்றாம் நிலையாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் பயாப்சி, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது, கேட்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று மாமா விடமாட்டேன் என்கிறார்.

ஓசூர்க்காரன்:
மாமா சொல்வதுதான் சரி. எங்கள் அத்தைக்குப் பயாப்சியே கிடையாது, சிடியைப் பார்த்து நேராக ஆபரேஷன். படத்திலேயே இவ்வளவு தெரியும்போது எதற்கு நாளைக் கடத்த வேண்டும்?

சிடி டெக்னீசியன், கிருஷ்ணகிரி:
அண்ணா, சிடி காட்டுவது நோய் எங்கெங்கே இருக்கிறது என்பதை. அது என்ன நோய் என்று திசுவைப் பார்த்தால்தான் உறுதி. நான் படம் எடுத்த ஒரு பெண்ணுக்கு நீர், தடித்த ஒமெண்டம், சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையில் ஏறிய அளவு, எல்லாமே இதே மாதிரிதான். வீட்டில் அழுது தீர்த்துவிட்டார்கள். கடைசியில் வயிற்று டிபி. மாத்திரையிலேயே குணமானார்.

ஓசூர்க்காரன்:
அப்படியென்றால் அவ்வளவு பணம் கட்டி சிடி எடுத்தது வீணா?

சிடி டெக்னீசியன், கிருஷ்ணகிரி:
வீணே இல்லை. கல்லீரல் மேற்புறம், நெறிக்கட்டிகள், நுரையீரலைச் சுற்றி நீர் என்று ஆபரேஷனுக்கு முன்னால் தெரிய வேண்டியதெல்லாம் அதில்தான் தெரியும். ஆனால் குடல் மேல் ஒட்டியிருக்கும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிப்பொடிக் கட்டிகள் பல நேரம் படத்தில் சிக்காது, அதனால்தான் ஆபரேஷன் முடிந்த பிறகு நிலை மாறுவதும் உண்டு. மாமாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கட்டி சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது குத்தி அது உடைந்தால் 1ஏ நிலை அதைவிட மோசமான 1சி ஆகிவிடும். சித்திக்கு ஊசி போகப்போவது பெரும்பாலும் ஒமெண்டத்துக்கு, சினைப்பைக்கு அல்ல. எங்கே குத்தப்போகிறார்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஓசூர்க்காரன்:
அத்தைக்குக் கட்டி சினைப்பையைத் தாண்டவில்லை என்றுதான் சொன்னார்கள். சரி, அது வேறு கதை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிசல்ட் வரவில்லை என்று வாரக்கணக்கில் உட்கார வைத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், நீங்களும் இருக்காதீர்கள்.

சிடி டெக்னீசியன், கிருஷ்ணகிரி:
அதில் எனக்கும் மறுப்பில்லை. போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சிடி டிஸ்க்கையும் கொண்டுபோங்கள்.

பாலக்கோடு பொண்ணு:
டிஸ்க் மாமா வண்டிப் பெட்டியில்தான் கிடக்கிறது அண்ணா. ராத்திரியே வாங்கி வைக்கிறேன், அப்படியே இந்த ஒமெண்டம் விஷயத்தையும் அவரிடம் பேசிவிடுகிறேன்.