மாநகராட்சி எப்போது மாறும்? அடி விழுந்த பிறகு மட்டும்தானா?

வார்டுவாசி:
எங்கள் ஊர் மாநகராட்சி ஒரு தொலைநோக்குத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மரம், சைக்கிள் பாதை, சிரிக்கிற குழந்தைகள். ஒரு மாத மழை ஒரே ராத்திரியில் கொட்டுகிறது, வெயில் தாங்க முடியவில்லை, ஊர் பைபாஸைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இதையெல்லாம் யார் சமாளிப்பார்கள், பணம் எங்கிருந்து வரும் என்று அதில் ஒரு வரி கிடையாது. சரி, கேள்விக்கு வருகிறேன். நிலைமை மாறியதும் தன் வேலைமுறையையே மாற்றிக்கொண்ட நகர நிர்வாகம் ஏதாவது இருக்கிறதா? பேரிடருக்குப் பிறகு மாறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இரண்டே வருடத்தில் பழையபடி ஆகியிருக்கக் கூடாது.

பழைய_கணக்கர்:
குஜராத்தின் சூரத்தைப் பாருங்கள். 1994 செப்டம்பரில் பிளேக் பீதியில் லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் எஸ்.ஆர். ராவ் கமிஷனராக வந்தார். அவர் ஆக்கிரமிப்புகளை இடித்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அது பெரிதாகப் படவில்லை, இடிக்கிற கமிஷனர்கள் எல்லா ஊரிலும் வந்து போகிறார்கள். ஊரை ஆறு மண்டலமாகப் பிரித்து, நிர்வாக அதிகாரத்தோடு செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையும் மண்டல அதிகாரிகள் கையில் கொடுத்தாரே, அதுதான் விஷயம். பெரிய அதிகாரிகள் தினமும் காலையில் தெருவில் இருக்க வேண்டும், பிற்பகலில் கூடி அன்றைக்குப் பார்த்ததைப் பேசி முடிக்க வேண்டும். ஒரு சாக்கடை அடைப்புக்காகக் கோப்பு மேலே போய்க் கீழே வரும் கதை நின்றது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் ஊர் பழைய குப்பைமேடாகத் திரும்பவில்லை. 2014 வாக்கில் அதே மாநகராட்சி கழிவுநீரைச் சுத்திகரித்து பாண்டேசரா ஜவுளி ஆலைகளுக்கு விற்கவே ஆரம்பித்துவிட்டது.

கடலோரம்:
சூரத் நல்ல உதாரணம்தான், ஆனால் அங்கே மாறியது ஆட்களை வேலை வாங்கும் விதம். வருமானம் வரும் வழியே அடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிய தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனைப் பார்க்க வேண்டும். 2015 முதல் 2017 வரை மழை பொய்த்தது. அணைகள் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் குழாயை மூடிவிட்டு ஆளுக்கு 25 லிட்டர் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள், 'டே ஜீரோ' என்பது அந்த நாள்தான். 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. மக்கள் நிஜமாகவே குறைத்தார்கள், நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவான ஊர் அதில் பாதிக்குக் கீழே வந்தது, அந்த நாளும் வராமலே போனது.

இங்கேதான் சிக்கல். மாநகராட்சி தண்ணீரை லிட்டர் கணக்கில் விற்றுத்தான் குழாயையும் பம்பையும் பராமரித்து வந்தது. பாதி விற்பனை போனால் பாதி வருமானம் போகும், ஆனால் குழாய்க்கு ஆகும் செலவு அப்படியே இருக்கும். முதலில் சொத்து மதிப்பை வைத்து வறட்சிக் கட்டணம் போடப் பார்த்தார்கள், ஊரே எதிர்த்ததும் கைவிட்டார்கள். பிறகு 2018 ஜூலையில், இணைப்புக் குழாயின் அளவை வைத்து மாதாமாதம் நிலையான கட்டணம். "சேமிக்கச் சொன்னீர்கள், சேமித்ததற்கு அபராதமா?" என்று திட்டு விழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, அதிலும் வசதியானவர்கள் தோட்டத்தில் ஆழ்குழாய் போட்டுத் தப்பித்துக்கொண்ட ஊரில். ஆனாலும் என் கணக்கில் அவர்கள் செய்த உண்மையான மாற்றம் இதுதான். 2019இல் வந்த தண்ணீர் உத்தியில் நிலத்தடி நீர், மறுசுழற்சி, கடல்நீர் சுத்திகரிப்பு என்று பலதும் இருக்கிறது, அதையெல்லாம் யாரும் எழுதலாம். பில்லை மாற்றுவதற்குத்தான் தைரியம் வேண்டும்.

கூவம்_கரை:
இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேப்டவுன் மாநகராட்சி தன் தண்ணீர்க் கட்டணத்தைத் தானே முடிவு செய்யும். நம் மேயர் கையில் என்ன இருக்கிறது? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோவாட்டர் என்கிற தனி வாரியத்துடையது, ஆறும் பெரிய ஏரிகளும் மாநில அரசின் துறை. வெள்ளம் வந்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டலாம். 1998க்குப் பிறகு சொத்து வரி 2018இல்தான் உயர்ந்தது, அதையும் அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் 2022இல்தான் நிலைத்தது. அதுவும் மத்திய நிதிக்குழு தன் மானியத்துக்கு அதை நிபந்தனையாகப் போட்டதால். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை கவுன்சிலர்களே கிடையாது. உத்தி வகுக்க முதலில் ஆள் வேண்டாமா?

பழைய_கணக்கர்:
கூவம்_கரை சொல்வது முழுக்கச் சரி, ஆனால் அதையே சாக்காகச் சொல்லிச் சும்மா இருக்கிற மாநகராட்சிகளும் உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி போனது, அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் ஆய்வில் தெரிந்தது. 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். எத்தனை டிகிரிக்கு எந்த நிற எச்சரிக்கை, அது வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் தகவல் சொல்வது, தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று முன்கூட்டியே எழுதி வைத்தது, அவ்வளவுதான். புதிய சட்டமும் வேண்டியிருக்கவில்லை, கோடிக்கணக்கில் நிதியும் வேண்டியிருக்கவில்லை.

வார்டுவாசி:
நன்றி. அப்படியென்றால் எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றி என்னதான் கேட்பது?

கடலோரம்:
திட்டத்தை விட்டுவிடுங்கள், பட்ஜெட்டைக் கேளுங்கள். போன வருடம் வடிகால் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, இந்த வருடம் எவ்வளவு. புதிதாகக் கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வந்துவிடும், பராமரிப்புத் தொகைதான் ஒவ்வொரு வருடமும் தேயும். அப்புறம், மழை எச்சரிக்கை வந்த ராத்திரியில் உங்கள் வார்டில் மோட்டார் பம்பு வாடகைக்கு எடுக்க யார் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேளுங்கள். பெயரையும் போன் நம்பரையும் உடனே சொன்னார்கள் என்றால் உங்கள் ஊர் தேவலாம்.