தௌக்கியான் போர்க் கல்லறைத் தூண்களில் ஒரு பெயர் தேட உதவி வேண்டும்

யாங்கூன் உறவுகளுக்கு வணக்கம். என் பாட்டியின் அண்ணன் மதராஸ் சாப்பர் படையில் (பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவு) இருந்தவர். 1945இல் இங்கே பர்மாவில் மெய்க்டிலா ஊரில் நடந்த சண்டையில் இறந்தபோது வயது 20. தகரப்பெட்டியில் அவர் போட்டோ இருக்கிறது: தொப்பி தலையைவிடப் பெரிது, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பின்னால் எழுதிய படை எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.

போன ஞாயிறு தௌக்கியான் போர்க் கல்லறைக்குப் போனேன். தனிக் கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் அங்கே தூண்களில். கழுத்து வலித்ததுதான் மிச்சம். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டாம், அதைப் பார்க்காமலே வந்துவிட்டேன். நம் பெயரை வெள்ளைக்காரன் எப்படி எழுதி வைத்தானோ!

இப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்கள் வழி சொல்லுங்கள். அப்புறம், அங்கே விளக்கு ஏற்ற விடுவார்களா? மாசியில் திதி வருகிறது.